முந்திரிப் பருப்பில் ஒரு க்

கோகுலன் மேல்படிப்புக்காகக் கூச்சிங்குக்குப் புறப்பட்டது தைப்பூச ரதம் கோயிலுக்குத் திரும்பிய மறுநாள் காலை. பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கி வழக்கம்போல் பழுது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் முதுகுப்பையோடு ஏறினேன். சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அன்றுதான் வீடு திரும்பினேன். நான்காம் மாடிப் படிக்கட்டில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றோம்.

"வந்துட்டியாக்கா? சரி, நான் போறேன்," என்றான், காவல் மாற்றிக்கொள்கிறவனைப்போல.

அவனுக்குப் பின்னால் அவனுடைய அம்மா நவமணி அக்கா வந்தார். இரண்டு நாள் தண்ணீர்ப் பந்தலில் சமைத்த புகை வாசம் தலைமுடியில் இன்னும் இருந்தது. ஒரு கையில் மகனுக்குக் கட்டிய நெத்திலிச் சம்பல் டப்பா, இன்னொரு கையில் கைப்பேசி.

"டேய், போறதுக்கு முன்ன இத ஒரு தடவ படிச்சிட்டுப் போடா. கோயில்லருந்து வந்திருக்கு."

கோகுலன் படியிலேயே பெட்டியை வைத்துவிட்டுப் படித்தான். "வெள்ளிக்கிழம நூறு பேருக்குச் சாம்பார் சாதம். உப்பு கம்மியா போடணுமாம்."

"உப்பப் பத்தி யாரு எழுதினா?"

"அது நான் சொல்றதுமா."

அவன் தோளில் ஓர் அடி விழுந்தது. சிரித்துக்கொண்டே கேட்டான்: "இனிமே யாரு படிச்சிச் சொல்லுவா? எல்லாரையும் வாய்ஸ் அனுப்பச் சொல்லிடு. செனாங்லா, வேல சுலபம்."

"ஒருத்தரையும் கேக்க மாட்டேன். நானே படிச்சிக்குவேன். இனிமே இந்த போன யார்கிட்டயும் நீட்டமாட்டேன், பாரு."

கீழே தொழிற்சாலை பஸ்ஸின் ஹார்ன் அலறியது. அதை ஓட்டுகிறவர் நவமணி அக்காவின் கணவர் முனுசாமி அண்ணன். மகனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு அப்படியே ஷிப்டு ஆட்களை ஏற்றப் போக வேண்டும். மனைவி சொன்னது படிக்கட்டு வழியாக அவர் காதுவரை போயிருந்தது.

"ஒங்கம்மா ஒண்ணாம் வகுப்புலா கோகுலா!" என்று சன்னல் வழியே கத்தினார். "போற வழியில ஸ்கூல் பேக் ஒண்ணு வாங்கிடலாமா?"

நவமணி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பாகான் டாலாமில் பிறந்து, வீட்டுக்கு அருகிலிருந்த மலாய்ப் பள்ளியில் படித்தவர். மலாய் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும் வேலைக் குறிப்புகளை மற்றவர்களுக்கு விளக்கியவரும் அவரே. தமிழ் அவருக்கு வாயில் இருந்தது, காதில் இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது வெளியே வந்து, வீட்டிலிருந்தே விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். அப்போதுதான் அந்தக் குறை பெரிதானது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தமிழை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், தட்டி அனுப்பினார்கள். அது பிரச்சினை இல்லை. கோயில்காரர்களும் வயதானவர்களும் தமிழிலேயே எழுதினார்கள். அவற்றைக் கோகுலன் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முனுசாமி அண்ணன் பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகவே வாசிப்பார். ஆனால் அவரிடம் ஒரு வரி படிக்கக் கொடுத்தால் அதை ஒரு வாரம் சொல்லிக் காட்டுவார். "இன்னிக்கி வாத்தியாருக்கு டீ ஸ்ட்ராங்கா போடணும்" என்பார். அந்த வாத்தியாரிடம் போவதைவிட ஆர்டரே வேண்டாம் என்பது நவமணி அக்காவின் முடிவு.

எனக்கு வேலை எதுவும் அமையவில்லை. என் பை பிரிக்கப்படாமல் கட்டிலுக்கடியில் கிடந்தது. வீட்டில் இருந்தால் அம்மா "அடுத்து என்ன" என்று கேட்பார்; அதனால் ஒரு மாடி இறங்கி நவமணி அக்காவின் சமையலறையில் வெங்காயம் உரித்தேன். அவர் படிக்கக் கற்றதை அங்கிருந்துதான் பார்த்தேன்.

அவர் எந்த வகுப்புக்கும் போகவில்லை. மசாலாப் பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். இங்கே விற்கும் பொட்டலங்களில் மலாய், சீனம், தமிழ் எல்லாம் அச்சிட்டிருக்கும். மலாயில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று மூக்குக்கே தெரியும். அப்படியானால் தமிழில் இருப்பதும் அதுதானே? மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மல்லித்தூள். எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுபோல் இருந்ததால் முதலில் பிடிபட்டது 'தூள்'. பிறகு மஞ்சளிலும் மல்லியிலும் தலை ஒன்றாக இருப்பதைக் கண்டார். 'ம' வந்தது. மிளகாயில் அதே 'ம' தலையில் ஒரு வளைவு வைத்துக்கொண்டு நின்றது. "ஓ, தொப்பி போட்டா மி," என்றார்.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஜார்ஜியா நாட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது அந்நாட்டு எழுத்தை நானும் இப்படித்தான் கற்றேன். கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டி இருந்தால் மேலே எழுதியிருப்பது ரொட்டிக்கடை. ஆனால் நான் பசிக்குத் தேவையானதோடு நிறுத்திக்கொண்டேன். நவமணி அக்கா நிறுத்தவில்லை. பொட்டலங்கள் தீர்ந்ததும் தெருவுக்கு வந்தார். தைப்பூசத்துக்கு அரசியல்வாதிகள் கட்டிய பதாகைகள் மாதக்கணக்கில் அவிழ்க்கப்படாமல் தொங்கின. அதில் சிரிக்கிற முகத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? அதைப் படம் பிடித்து வந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்படி வந்து சேர்ந்ததுதான் 'வாழ்த்துக்கள்'. அவருக்கு 'ழ' கிடைத்தது அந்தப் பதாகையில். குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் ஒரு பழைய கிரகப்பிரவேச அழைப்பிதழ் இருந்தது; அதிலிருந்து 'கி' கிடைத்தது.

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. அவர் முழுச் சொல்லையும் வாசிப்பதில்லை. தலையைப் பார்ப்பார், நீளத்தைப் பார்ப்பார், மீதியைத் தனக்குத் தெரிந்த சொல்லால் நிரப்பிக்கொள்வார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சாம்பாருக்கும் சாதத்துக்கும் அது போதும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அந்தச் செய்தி வந்தது. அனுப்பியவர் அருந்ததி அம்மா. கிரீன் லேனில் வசிக்கும் யாழ்ப்பாணக் குடும்பம். கோயில் அன்னதானத்தில் நவமணி அக்காவின் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு எண் வாங்கியிருந்தார். நவமணி அக்கா கதவோரம் திரும்பி நின்று, உதடு அசைய, நெடுநேரம் படித்தார். பிறகு வெற்றி முகத்தோடு வந்தார்.

"போன காட்டமாட்டேன். வாசிக்கிறேன், கேளு. வணக்கம் நவமணி. வரும் ஞாயிறு எங்கள் இல்லத்தில் வீட்டுக் கிரகப்பிரவேசம். எண்பது பேருக்கு மரக்கறிச் சாப்பாடு வேண்டும். வடை, பாயசம் கட்டாயம். எப்படி என் வாசிப்பு?"

"மரக்கறியா?"

"காய்கறிதான். சிலோன்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அதக்கூட கரெக்டா படிச்சேன் பாத்தியா!"

அவர் தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்துவிட்டேன். "அக்கா, கிரகப்பிரவேசம் இல்ல. வீட்டுக்கிருத்தியம்னு போட்டிருக்கு."

"எட்டிப் பாக்காதன்னு சொன்னேன்ல!" என்று போனை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆனால் முகம் மாறியது. மறுபடி பார்த்தார். "ஆமா… கிருத்…தியம். அப்படின்னா?"

எனக்குத் தெரியாது. எழுத்தெல்லாம் தெரிந்தது, சொல் தெரியவில்லை. பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்துத் தேறியவள் நான். இந்தச் சொல் எங்கேயும் வரவில்லை.

"கிருத்திகைலா அது!" கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த முனுசாமி அண்ணன் தலையைத் திருப்பாமலே சொன்னார். "முருகனுக்கு. மாசாமாசம் வரும். வாத்தியாருக்கு டீ?"

"நீங்க சும்மா இருங்க." நவமணி அக்கா யோசித்தார். "வீட்டுன்னு இருக்குல்ல. அப்ப வீட்டு விசேஷந்தான். கிரகப்பிரவேசத்த அவங்க கிருத்தியம்னு சொல்லுவாங்க போல. இல்ல, கிருத்திகையா இருந்தாலும் நல்லதுதானே. வடை, பாயசம் கேக்குறாங்க."

"ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேன்."

"கேட்டா? படிக்கத் தெரியாதவன்னு நெனைப்பாங்க. அவங்க குடும்பமே கிளார்க்கு, டாக்டரு, வக்கீலு. தமிழ்ல எழுதி எனக்கு அனுப்பிருக்காங்க. நான் தமிழ்லயே 'சரிங்கம்மா'ன்னு போட்டுட்டேன்." அந்த 'சரிங்கம்மா'வைத் தட்ட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு வற்புறுத்த மனம் வரவில்லை.

ஞாயிறு காலை சாம்பார், பொரியல், கூட்டு எல்லாம் தயார். அருந்ததி அம்மா கேட்காத ஒன்றும் தயாராக இருந்தது: பெரிய தட்டு நிறையக் கேசரி. "என் சார்புல," என்றார் நவமணி அக்கா. கேசரியைச் சமப்படுத்தி, பதாகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதியாகப் பிளந்த முந்திரிப் பருப்புகளால் அதன்மேல் எழுதினார். வா. ழ். த். து. க். க. ள். புள்ளிகளுக்கு உலர்ந்த திராட்சை. அவர் வாழ்நாளில் தமிழில் பிறருக்காக எழுதிய முதல் சொல் அது. எழுதி முடித்துவிட்டு நாங்கள் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றார். முனுசாமி அண்ணன்கூடக் கேலி செய்யவில்லை. "ழ நல்லா வந்திருக்கு," என்றார்.

நவமணி அக்காவின் உடம்பில் கோயிலுக்குக் கட்டும் மாம்பழ நிறப் பட்டு, தலை நிறைய மல்லிகை. கையில் மஞ்சள் கட்டிய புதுப் பால் பானை. "கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சணும்ல. அவங்க மறந்துட்டாங்கன்னா?"

கிரீன் லேனில் அது ஒரு பழைய ஒற்றைத்தள வீடு.

"இதுவா புது வீடு? எங்கப்பன் வயசு இருக்கும்போல," என்றார் முனுசாமி அண்ணன், வாடகைக்கு எடுத்த வேனை நிறுத்தியபடி.

"ரினோவேஷன் பண்ணிருப்பாங்க. கேட்டப் பாருங்க, புது பெயின்ட்டு."

பின்வாசலில் எங்களை வரவேற்றது இமான் என்ற பணிப்பெண். எல்லாரும் விடியலிலேயே கடலுக்குப் போய்விட்டார்கள், ஐயரும்தான் என்று மலாயில் சொன்னார்.

"கடலுக்கா?" என்றேன்.

"கடல் தண்ணி கொண்டாந்து வீட்டுல தெளிப்பாங்களா இருக்கும்," என்றார் நவமணி அக்கா. "சிலோன்ல சுத்தி கடல்தானே."

எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ஒவ்வொன்றும் பொருத்தமாகவும் இருந்தது. பக்கத்துத் தாழ்வாரத்தில் மேசைகளைப் போட்டு, பாத்திரங்களை அடுக்கி, நடுவில் கேசரித் தட்டை வைத்து, வெள்ளித்தாளால் மூடினோம். கார்கள் வந்து நின்றன. நவமணி அக்கா கூந்தலைச் சரிசெய்துகொண்டு, பால் பானையை ஏந்தி, சமையலறை வழியாகக் கூடத்துக்குள் நுழைந்தார். நான் பின்னாலேயே போனேன்.

வந்தவர்கள் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். ஆண்களின் தலைமுடி ஈரமாக இருந்தது. முன்னால் வந்த மெலிந்த அம்மாளின் நெற்றியில் திருநீறு மட்டும்.

"அருந்ததி அம்மாங்களா? நான்தான் நவமணி. பால் காய்ச்சிடலாமாங்க?"

எல்லாரும் பால் பானையையே பார்த்தார்கள். நவமணி அக்காவின் கண் பக்கவாட்டில் திரும்பியது. சுவரோரம் ஒரு மேசை, எரியும் குத்துவிளக்கு, மாலை போட்ட ஒரு பெரியவரின் படம். படத்துக்குக் கீழே அச்சிட்ட எழுத்துகள். அமரர் விஸ்வலிங்கம். தோற்றம். மறைவு. மறைவுக்கு எதிரே போன மாதத்துத் தேதி.

அத்தனை மாதம் பொட்டலங்களோடு போராடியவர், தலையைப் பார்த்து வாலை ஊகித்தவர், அந்த மூன்று வரிகளை ஓர் எழுத்தும் தடுக்காமல், ஓர் எழுத்தையும் ஊகிக்காமல் முழுதாகப் படித்தார். படித்து முடித்ததை அவர் தோள்களில் பார்த்தேன். பால் பானை மெல்லக் கீழே இறங்கி வயிற்றருகே நின்றது.

"என்ன பிள்ளை இது? பால் ஏன்?" என்று கேட்டார் அருந்ததி அம்மா. குரலில் கோபம் இல்லை, வியப்பு இருந்தது.

பின்வாசலில் நின்ற முனுசாமி அண்ணன், "போன்ல ஏதோ கோளாறுன்னு சொல்லு," என்று கிசுகிசுத்தார். அது எனக்கே கேட்டது. நவமணி அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நான் படிச்சதுல தப்புமா," என்றார் அவர். "நீங்க அனுப்புனத நானே படிச்சேன். கிரகப்பிரவேசம்னு நெனைச்சிட்டேன். பையன்தான் எப்பவும் படிச்சிச் சொல்லுவான்… இப்பதான் கத்துக்கிறேன். மன்னிச்சிருங்கமா. சாப்பாட்ட வச்சிட்டு நான் போயிடுறேன்."

"முப்பத்தோராம் நாள் செய்யிறது பிள்ளை, வீட்டுக்கிருத்தியம். காலையில கடற்கரையில அந்தியேட்டி. பிறகு வீட்டில கிருத்தியம். உங்கட ஆக்கள் செய்யிறதில்லையோ?"

"எங்களுக்குப் பதினாறாம் நாள் கருமாதிமா."

அப்போதுதான் நவமணி அக்காவுக்குக் கேசரி ஞாபகம் வந்தது. தாழ்வாரத்தை நோக்கி விரைந்தார். ஆனால் அருந்ததி அம்மாவின் மகன் வினோதன் அதற்குள் அங்கே போய், வந்தவர்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டிருந்தார். வெள்ளித்தாளும் விலகியிருந்தது.

மேசையைச் சுற்றி இறந்தவரின் நண்பர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் சத்தமாக வாசித்தார்: "வாழ்த்துக்கள்."

நவமணி அக்கா கரண்டியை எடுத்தார். எல்லாவற்றையும் கிளறிவிடப் போகிறார் என்று புரிந்தது. ஆனால் கண்ணாடிக்காரர் கையை நீட்டித் தட்டுக்குமுன் தடுத்தார்.

"பொறுங்கோ. இதில க் வராது."

"ஏன் வராது?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"வாழ்த்து, கள். வாழ்த்துகள். நடுவில ஒற்று என்னத்துக்கு?"

"எல்லாரும் அப்படித்தானே எழுதீனம். பேப்பரில வருது, பேனரில வருது."

"எல்லாரும் எழுதினா சரியோ? க் போட்டா அது கள்ளு! வாழ்த்துகிற கள்ளு!"

"கள்ளா?" பின்வாசலிலிருந்து முனுசாமி அண்ணனின் தலை எட்டிப் பார்த்தது. "எங்க?"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். "அப்ப எழுத்துக்கள் எண்டு எழுதிறதில்லையோ?" என்று இரண்டாமவர் விடவில்லை. வினோதன் கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கினார். சாவு வீட்டுக்கு வாழ்த்து எழுதி வந்ததைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. ஒரு க் மட்டும் அத்தனை பேருக்கும் நடுவே குற்றவாளியாக நின்றது.

அருந்ததி அம்மா மெல்ல நடந்து வந்தார். தட்டைப் பார்த்தார். சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. அழுகிறார் என்று நினைத்தோம். தோள் குலுங்கியது. தலைப்பை எடுத்தபோது கண் ஈரமாகத்தான் இருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"கோயில் நோட்டீசில ஒரு ஒற்று கூடிட்டா என்ர மனுசனுக்குச் சோறு இறங்காது," என்றார். "சிவப்புப் பேனை கொண்டு போய்த் திருத்திப்போட்டுத்தான் சாமி கும்பிடுவார். இண்டைக்கு அவர் இருந்திருந்தா, வாழ்த்து ஏன் எண்டு கேட்டிருக்க மாட்டார். க் ஏன் எண்டுதான் கேட்டிருப்பார்."

பிறகு கையை நீட்டி, அந்த க்கை முந்திரி முந்திரியாகப் பொறுக்கி எடுத்தார். புள்ளித் திராட்சையையும் விடவில்லை. வாயில் போட்டு மென்றார்.

"இப்ப சரி," என்றார். "நவமணி, அந்தக் கரண்டியை வையுங்கோ. முதல்ல ஐயருக்குப் போடுங்கோ."

அன்று சாப்பாடு நன்றாக நடந்தது. வடை இரண்டாம் முறை பொரிக்க வேண்டியிருந்தது. பால் பானையை இமான் வாங்கிப் பாயசத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நவமணி அக்கா மல்லிகையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, என் சால்வையைப் பட்டின்மேல் போர்த்திக்கொண்டு பரிமாறினார்.

திரும்பும் வழியில் வேனில் முனுசாமி அண்ணன் மெதுவாக, "சாலா ஆயிடுச்சி, தப்புதான். விடு. சிரிச்சிட்டாங்கள்ல," என்றார்.

"சிரிச்சாங்க. அதனால மறுபடி கூப்பிடுவாங்கன்னு அர்த்தமா?" நவமணி அக்கா சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "அந்தம்மா இன்னொரு தடவ எனக்குத் தமிழ்ல எழுதி அனுப்பணும். அப்பதான் நான் படிச்சது படிப்பு. இல்லன்னா படிச்சதும் படிக்காததும் ஒண்ணுதான்."

மறுவாரம் வேறொருவரிடமிருந்து தமிழில் ஒரு செய்தி வந்தது. அவர் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. கட்டைவிரலால் ஏதோ தட்டினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டதற்கு வாசித்துக் காட்டினார்: "நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

அதிலிருந்து யார் ஆர்டர் கொடுத்தாலும் முதல் கேள்வி அதுதான். பாசாரில் மீன்காரர்கூட, "என்னாக்கா, இன்னிக்கி கெண்ட நல்லதுக்கா கெட்டதுக்கா?" என்று கிண்டல் செய்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். கேள்வியோடு அவர் நிற்கவில்லை. சடங்கு, வளைகாப்பு, பால்குடம், காதணி என்று ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த வீட்டில் என்ன செய்வார்கள், என்ன செய்யக் கூடாது என்று வாடிக்கையாளர்களிடமே கேட்டார். தெரியாது என்று சொல்ல இப்போது அவருக்குக் கூச்சம் இல்லை. சொற்களை இப்போது கடைசி எழுத்துவரை வாசித்தார்.

கிரீன் லேனிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

தீபாவளி வந்தது. அவர் தமிழிலேயே 'தீபாவளி வாழ்த்துகள்' என்று தட்டினார். க் இல்லை. எல்லா எண்களுக்கும் அனுப்பப் போனவர், பட்டியலில் ஒரு பெயரில் நின்றார்.

"அவங்களுக்கு இந்த வருசம் தீபாவளி கெடையாது," என்றார். அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பினார். மறுநாள் ஒரு பெரிய டின் நிறைய முறுக்கு அடுக்கி, முனுசாமி அண்ணனிடம் கொடுத்தார். துக்க வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள். மற்றவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "வாழ்த்துன்னு ஒரு வார்த்த வாய தொறந்து சொல்லிடாதீங்க. குடுத்துட்டு வந்துருங்க."

"ஒண்ணும் சொல்லாம குடுத்தா என்னா நெனைப்பாங்க?"

"படிச்சவங்க. புரிஞ்சிக்குவாங்க."

முனுசாமி அண்ணன் டின்னைக் கொடுத்துவிட்டு வந்தார். இமான் வாங்கிக்கொண்டாராம், அம்மா வெளியே போயிருந்தாராம். டின் திரும்பி வரவில்லை. எங்கள் பக்கத்தில் டின் திரும்பி வரவில்லை என்றால், வரும்போது வெறுமையாக வரக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிறார்கள் என்று பொருள், இல்லையென்றால் மறந்துவிட்டார்கள். இதில் எது என்று படிக்க யாருக்கும் தெரியவில்லை. நவமணி அக்கா வேறு டின் வாங்கவில்லை. "நல்ல டின்னு," என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்.

தைப்பூசம் மறுபடியும் வந்து போனது. கோகுலன் விடுமுறையில் வந்தான். தன் கைப்பேசிக்கு வந்த ஒரு தமிழ்ச் செய்தியை அம்மாவுக்கு வாசிக்கத் தொடங்கி, "நீயே படிச்சிக்கோ" என்று நிறுத்தினான். நான் இரண்டு முறை விமானச் சீட்டு விலை பார்த்தேன், வாங்கவில்லை. முனுசாமி அண்ணன் பழைய பழக்கத்தில் "வாத்தியாருக்கு டீ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாத்தியாரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்றாலும் டீ வந்துகொண்டிருந்தது.

சென்ற வாரம், ஒரு மத்தியானம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கைப்பேசி ஒலித்தது. நவமணி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். உதடு அசையப் படித்தார். ஓரிடத்தில் நின்றார், பின்னால் போனார், மறுபடி அந்த இடத்துக்கு வந்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். கூடத்திலிருந்து முனுசாமி அண்ணன், "நல்லதுக்கா கெட்டதுக்கா?" என்று குரல் கொடுத்தார்.

நவமணி அக்கா நான் கேட்காமலே, நான் கை நீட்டாமலே, கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீயும் படி."

"வணக்கம் நவமணி. வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு அவருடைய ஆட்டைத் திவசம். ஆட்டை என்றால் ஆண்டு. ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். எழுபது பேருக்கு மரக்கறிச் சாப்பாடு, வடை, பாயசம். கேசரியும் வேண்டும். அதன்மேல் ஏதாவது எழுதுங்கள். என்ன எழுதுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், நண்பர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் முறுக்கு டின் என்னிடம் இருக்கிறது. பயற்றம் பணியாரம் சுட்டு நிரப்பி வைக்கிறேன், அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். பயற்றம் பணியாரம் என்னவென்று தெரியாவிட்டால் கேளுங்கள். — அருந்ததி."